கால்நடை மருத்துவர் பதில்கள்: வண்டியில் இடம் இரண்டு, குதிரைகள் ஐந்து

லாயத்துக்குள் தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சென்ற இதழில் நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்த பலர், தங்களை அச்சுறுத்துவது லாயத்துத் தீ அன்று, காட்டிலிருந்து காற்றோடு விரைந்து வரும் தீயே என்று எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் பெரும்பாலானவை குதிரை வளர்ப்போரிடமிருந்து வந்தவை. ஆகவே இம்முறை இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என்னிடம் ஐந்து குதிரைகள் உள்ளன. இரண்டு குதிரைகளை மட்டும் ஏற்றக்கூடிய ட்ரெய்லர் ஒன்று இருக்கிறது. வெளியேறும்படி அதிகாரிகள் உத்தரவிட்ட பிறகு புறப்பட்டால் ஐந்தையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியுமா?

பதில்: முடியாது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். புகை வாடைக்கு மிரண்டு நிற்கும் குதிரையை ஏற்றக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு அரை மணி நேரம். பாதுகாப்பான இடம் இருபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், ஊரே வெளியேறிக்கொண்டிருக்கும் சாலையில் அங்கே போய்ச்சேர நாற்பது நிமிடங்கள், இறக்கிக் கட்டப் பத்து நிமிடங்கள், திரும்பி வர இன்னொரு நாற்பது நிமிடங்கள். ஆக ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம். மூன்றாம் நடையில் ஏற்ற வேண்டியது ஒரே குதிரைதான், திரும்பி வர வேண்டியதும் இல்லை என்று கழித்துவிட்டாலும் மொத்தம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. இதில் டயர் பஞ்சராவதோ, குதிரை முரண்டுபிடிப்பதோ சேரவில்லை.

தீ உங்களுக்கு எவ்வளவு நேரம் தரும்? கலிஃபோர்னியாவில் 2018 நவம்பர் 8 அன்று மூண்ட ‘கேம்ப்’ தீ காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குத் தொடங்கியது. எட்டு மணியளவில், பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த பாரடைஸ் என்னும் ஊருக்குள் கங்குகள் விழத் தொடங்கிவிட்டன. அந்தத் தீயில் 85 பேர் உயிரிழந்தார்கள். ஊரிலிருந்து வெளியேறும் சாலைகளில் வாகனங்கள் நகர முடியாமல் நின்றன. பலத்த காற்றில் தீயின் முகப்பு நம்மிடம் வந்துசேர்வதற்கு வெகு முன்பாகவே கங்குகள் பறந்து வந்து புதிய தீக்களை மூட்டுகின்றன. நிலம் சரிவாக இருந்தால், சாய்வு பத்துப் பாகை கூடும்போதெல்லாம் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. குன்றின் மேல் லாயம் வைத்திருப்போர் இதைத் தங்களுக்கே சொன்னதாகக் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இன்னொன்று, நீங்கள் முதல் நடை போய்த் திரும்பும்போது சாலை அடைக்கப்பட்டிருக்கும் என்பது. வெளியே போகிறவர்களைக் காவல்துறை விடும். உள்ளே வருகிறவர்களை விடாது. எனவே உத்தரவு வந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது மூன்று நடைகள் அல்ல, ஒரே ஒரு நடைதான் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் முடிவு எளிது. பெரிய விலங்கு வைத்திருப்பவர் தீயைப் பார்த்துப் புறப்படக் கூடாது, வானிலை அறிவிப்பைப் பார்த்துப் புறப்பட வேண்டும். அமெரிக்காவில் பலத்த காற்றும் குறைந்த ஈரப்பதமும் சேரும் நாள்களில் வானிலைத் துறை ‘சிவப்புக் கொடி’ எச்சரிக்கை விடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 செப்டம்பர் முதல் தீ அபாயத்தை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள். நான்காம் படியான பேரழிவு நிலை அறிவிக்கப்பட்டால் தீ எங்குமே எரியாவிட்டாலும் முன்கூட்டியே போய்விடுங்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் அறிவுரை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வெளியேற்றத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: ஆயத்தமாகுங்கள், புறப்படத் தயாராக நில்லுங்கள், உடனே போய்விடுங்கள். மனிதர்கள் மூன்றாம் நிலை வரை காத்திருக்கலாம். குதிரையும் மாடும் இரண்டாம் நிலை வருவதற்குள் இடம் மாறியிருக்க வேண்டும். உங்களைப் போல வண்டியில் இடம் போதாதவர்கள் முதல் நிலையிலேயே முதல் நடையை முடித்துவிடுவது நல்லது. பத்து முறை வீணாகப் போய்த் திரும்பினீர்கள் என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அதற்கு முன்பே தீர்த்துவைக்க வேண்டிய கசப்பான வேலை ஒன்றும் இருக்கிறது. முதலில் ஏறப்போகும் இரண்டு எவை என்பதை இன்றே, புகையில்லாத பொழுதில், வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். குட்டியையும் தாயையும் பிரிக்காதீர்கள். வயதான குதிரை, நொண்டுகிற குதிரை, தனியாக விட்டால் பிழைக்கத் தெரியாதது ஆகியவை முன்னே போகலாம். அந்த நேரத்தில் நின்று வாதாடுவதற்கு இது ஏற்ற பொருள் அல்ல.

கேள்வி: எங்கள் மட்டக்குதிரை ட்ரெய்லரைக் கண்டாலே பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. அவசரத்தில் அதை எப்படி ஏற்றுவது?

பதில்: அவசரத்தில் ஏற்ற முடியாது என்பதுதான் நேர்மையான பதில். காற்றோ புகையோ இல்லாத ஓர் இனிய காலைப்பொழுதில், ஒரு பெண்குதிரையை ஏற்ற நாங்கள் ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் மன்றாடியிருக்கிறோம். கடைசியில் அது தானாகவே ஏறி, எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஆகவே பழக்கத்தை இன்றிலிருந்தே தொடங்குங்கள். சில வாரங்களுக்கு அதன் தீவனத்தை ட்ரெய்லருக்குள்ளேயே வையுங்கள். ஏறிப் பழகியதும் இரவில் ஏற்றிப் பாருங்கள், காற்றடிக்கும் நாளில் ஏற்றிப் பாருங்கள், உங்களைத் தவிர வேறொருவர் பிடித்து ஏற்றவும் பழக்குங்கள். ஏனெனில் தீ வரும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாமல் போகலாம்.

தீ நெருங்கிய நாளில் ஏற்ற வேண்டியிருந்தால், அதனோடு எப்போதும் மேயும் துணைக்குதிரையை முதலில் ஏற்றுங்கள். முன்னால் நின்று தலைக்கயிற்றை இழுத்தால் குதிரை பின்னோக்கித்தான் இழுக்கும். தோளோரம் நின்று நடத்துங்கள். கத்தவோ அடிக்கவோ வேண்டாம். கண்ணைக் கட்டினால் அடங்கும் குதிரைகள் உண்டு, கண்ணைக் கட்டியதும் வெறிகொள்ளும் குதிரைகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை முன்பே தெரிந்துவைத்திருங்கள். வண்டியைச் சாலையைப் பார்த்து நிறுத்தி, இழுக்கும் வாகனத்தின் தொட்டியில் பாதிக்குமேல் எரிபொருள் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் தரைப்பலகை உளுத்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, பாருங்கள்.

எப்படியும் ஏறவில்லை, தீ இன்னும் தொலைவில்தான் இருக்கிறது என்றால் நடத்திக்கொண்டு போகலாம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் ஆல்டடீனா பகுதியை ‘ஈட்டன்’ தீ சூழ்ந்த இரவில் பலர் தங்கள் குதிரைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்களின் வழியே நடந்தே வெளியேறினார்கள்.

கேள்வி: அவிழ்த்து விட்டுவிட்டால் விலங்குகள் தாமே தப்பித்துக்கொள்ளும் என்று என் தந்தை சொல்கிறார். இது உண்மையா?

பதில்: உங்கள் தந்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிதான் உயிர்களை வாங்குகிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். திறந்த வெளியில் போதிய இடம் கிடைத்தால் குதிரை புல்தீயைச் சுற்றிக்கொண்டோ, மெல்லிய தீ வரிசையை ஒரே பாய்ச்சலில் கடந்தோ, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரையில் போய் நின்றுகொள்ளும் என்பதை ஆஸ்திரேலியத் தீயணைப்பு அமைப்புகள் தங்கள் அறிவுரைகளிலேயே கூறுகின்றன. லாயத்துக்குள் அடைத்து வைக்கப்பட்ட குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. வைக்கோல், மரத்தூள், மரப்பலகை ஆகியவற்றால் நிறைந்த லாயம் ஒரு கங்கு விழுந்தாலே சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். எனவே ஏற்றிச்செல்ல வழியில்லாத விலங்கை உள்ளே பூட்டிவைத்துவிட்டுப் போவது எந்த நிலையிலும் கூடாது.

இனி மற்றப் பாதி. 2017 டிசம்பர் 7 அன்று கலிஃபோர்னியாவின் பான்சல் என்ற இடத்தில் ‘லைலாக்’ தீ, சான் லூயிஸ் ரே டவுன்ஸ் என்னும் பந்தயக் குதிரைப் பயிற்சி நிலையத்துக்குள் புகுந்தது. அங்கே நானூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. வண்டிகளில் ஏற்ற நேரமில்லாததால் பராமரிப்பாளர்கள் கொட்டில்களைத் திறந்து அவற்றை விரட்டிவிட்டார்கள். அப்படிச் செய்ததால்தான் பெரும்பாலானவை பிழைத்தன. ஆயினும் 46 குதிரைகள் இறந்தன, வெளியே ஓடிய சில குதிரைகள் எரியும் கொட்டிலுக்கே திரும்பி ஓடின. கேட்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அஞ்சிய குதிரை தான் உண்டு உறங்கிய இடத்தைத்தான் அடைக்கலமாக அறியும், அந்த இடமே எரிகிறது என்பது அதற்குப் புரியாது. இதனால்தான் ஒவ்வொரு குதிரையை வெளியே கொண்டுவந்ததும் அதன் கொட்டில் கதவைச் சாத்தித் தாழிட வேண்டும் என்று சென்ற இதழிலும் எழுதினேன்.

சாலையில் அவிழ்த்துவிடுவது இன்னொரு பெருந்தவறு. புகையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத சாலையில், வெளியேறும் வாகனங்களுக்கும் உள்ளே வரும் தீயணைப்பு வண்டிகளுக்கும் நடுவே ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு ஓடினால் அது மட்டுமா சாகும்? எனவே அவிழ்த்துவிடுவது என்றால் இப்படிச் செய்யுங்கள். உங்கள் நிலத்துக்குள்ளேயே புல் மிகக் குட்டையாக மேயப்பட்ட, அல்லது உழுது மண் தெரியும்படி கிடக்கிற, மரமும் புதரும் இல்லாத பெரிய வெளி ஒன்றை முன்பே தேர்ந்து வையுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அவை ஓடித் திரும்ப இடமிருக்கும்படி உள்வேலிக் கதவுகளை எல்லாம் திறந்து கட்டுங்கள். சாலையை நோக்கிய வெளிக்கதவை மட்டும் மூடிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி பிளாஸ்டிக்கில் இருந்தால் உருகிவிடும். சிமென்ட் தொட்டியோ இரும்புத் தொட்டியோ வைத்து விளிம்பு வரை நிரப்புங்கள். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, நீங்கள் திரும்பி வர இரண்டு நாளும் ஆகலாம். குதிரை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தேவைப்படும் என்பதை நினைவில் வைத்து நிரப்புங்கள்.

போவதற்கு முன் ஒவ்வொன்றின் விலாவிலும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் குறியிடும் வண்ணக்கோலால் உங்கள் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள். தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப் இருந்தாலும் எழுதுங்கள்; வழியில் கண்டவரிடம் அதைப் படிக்கும் கருவி இருக்காது.

கேள்வி: நைலான் தலைக்கயிறு கூடாதாமே? போர்வையை நனைத்துப் போர்த்தலாமா?

பதில்: நைலான் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், செயற்கை இழையில் நெய்த போர்வை, ஈ மறைப்பு வலை ஆகியவையும் அப்படியே. அவிழ்த்துவிடப்போகும் குதிரையின் மேல் எதுவுமே இருக்க வேண்டாம், நனைத்த போர்வை உட்பட. பிடித்துச் செல்வதானால் தோல் அல்லது பருத்தித் தலைக்கயிறு, பருத்திக் கயிறு. இவற்றில் ஒரு தொகுதியைக் கொட்டிலுக்கு வெளியே, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிவையுங்கள்.

கேள்வி: குதிரைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்களிடம் பசு, ஆடு, கோழி, இரண்டு பூனைகள், ஒரு நாய் எல்லாம் இருக்கின்றன.

பதில்: குறை நியாயமானது. பூனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கடைசி நிமிடத்தில் வீட்டாரை அதிக நேரம் நிறுத்திவைப்பது அதுதான். வீட்டில் பரபரப்பு தொடங்கியதும் பூனை கட்டிலுக்கு அடியிலோ, அலமாரிக்குப் பின்னாலோ மறைந்துவிடும். எச்சரிக்கை வந்தவுடனே, மூட்டை கட்டுவதற்கு முன்பே, பூனைகளை ஒரு சிறிய அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கூண்டு இல்லையென்றால் தலையணை உறை போதும். நாயைச் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு ஒருபோதும் போகாதீர்கள்.

ஆடுகள் தலைமை ஆட்டின் பின்னால் போகும். அந்த ஒன்றை ஏற்றிவிட்டால் மற்றவை தொடரும். கோழிகளை இருட்டில் பிடிப்பது எளிது, பகலில் துரத்திக்கொண்டிருப்பீர்கள். காற்றோட்டமுள்ள கூடைகளில் நெருக்காமல் அடையுங்கள், வெப்பம் அவற்றை விரைவில் கொல்லும். மாடுகளை மந்தையாக ஓட்டலாம், ஆனால் கன்று பின்தங்கினால் தாய் நின்றுவிடும் என்பதை எண்ணி நேரம் ஒதுக்குங்கள். பெரிய மந்தையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது பெரும்பாலும் நடவாத காரியம். அங்கே, மேலே சொன்ன மொட்டை நிலந்தான் வழி, அதையும் தீக்காலம் தொடங்கும் முன்பே மேய்த்து வைத்திருக்க வேண்டும்.

இடம் மாற்றவே முடியாத விலங்குகளை இருந்த இடத்திலேயே காத்த நிகழ்ச்சியும் உண்டு. 2019 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மோகோ விலங்குக் காட்சிசாலையைத் தீ நெருங்கியபோது, பராமரிப்பாளர்கள் சிங்கம், புலி, ஒராங்குட்டான் போன்றவற்றை இரவுக் கூடங்களுக்குள் ஓட்டினார்கள். சிறு குரங்குகளையும் செம்பாண்டாக்களையும் காட்சிசாலைப் பொறுப்பாளரான சாட் ஸ்டேபிள்ஸ் தம் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். விழுந்த கங்குகளை ஆள்கள் தண்ணீரோடு ஓடி ஓடி அணைத்தார்கள். ஒரு விலங்கும் சாகவில்லை. ஆனால் அங்கே எழுதிவைத்த திட்டமும், தண்ணீரும், பயிற்சி பெற்ற ஆள்களும் இருந்தன. ஒரு குழாயும் ஒரு வாளியும் வைத்துக்கொண்டு அவர்களைப் போல இருந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: மனிதர்களுக்கான நிவாரண முகாமில் குதிரையையும் சேர்த்துக்கொள்வார்களா? சட்டம் ஏதும் இருக்கிறதா?

பதில்: அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் ‘கத்ரீனா’ புயலின்போது செல்லப்பிராணிகளை விட்டுவர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டதன் விளைவாக, 2006இல் ஒரு சட்டம் வந்தது, வெளியேற்றத் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் நடைமுறையில் செல்லப்பிராணி என்று அங்கே வரையறுக்கப்பட்டவற்றுள் பூனையும் நாயும் அடங்கும், குதிரையும் பண்ணை விலங்குகளும் அடங்கா. எனவே குதிரைக்காரர்கள் சந்தைத் திடல், பந்தய மைதானம், குதிரைப் பயிற்சித் திடல் போன்ற இடங்களைத் தாங்களே தேடிவைக்க வேண்டியிருக்கிறது. 2018 நவம்பரில் ‘வூல்சி’ தீ கலிஃபோர்னியாவின் மாலிபுவை நெருங்கியபோது போக்கிடமில்லாத குதிரைகளும், ஒட்டக இனத்து விலங்குகளான லாமாக்களும் ஜூமா கடற்கரை மணலில் போய் நின்றன. சிலவற்றை உயிர்காப்பாளர் மேடைகளில் கட்டியிருந்தார்கள். எரிவதற்கு ஒன்றுமில்லாத இடம் என்ற வகையில் அது மோசமான தேர்வு அன்று.

அடைக்கப்பட்ட பகுதிக்குள் போய்க் கால்நடைகளுக்குத் தீவனமும் தண்ணீரும் வைத்துவர, பயிற்சி பெற்ற வணிகக் கால்நடைப் பண்ணையாளர்களுக்கு அனுமதிச் சீட்டு தர மாவட்டங்களுக்கு வழிசெய்யும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2021இல் இயற்றியது. பொழுதுபோக்குக்காக இரண்டு குதிரை வைத்திருப்பவருக்கு அந்தச் சீட்டு கிடைக்காது.

கேள்வி: தடுப்பை மீறி விலங்குகளுக்காகத் திரும்பிப் போகலாமா?

பதில்: கூடாது. எத்தனை விலங்குகள், எந்த மூலையில், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதைத் தடுப்பில் நிற்கும் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: புகையிலிருந்து எங்கள் குதிரையை மீட்டுவிட்டோம். தீப்புண் இல்லை, நன்றாகத் தின்கிறது, எப்போதாவது இருமுகிறது. எப்போது ஏறிச் சவாரி செய்யலாம்?

பதில்: அவசரப்படாதீர்கள். புகை மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் புண்ணாக்கிவிடுகிறது. அதன் முழு விளைவு முதல் நாளிலேயே தெரிந்துவிடாது, நுரையீரல் அழற்சி சில நாள்கள் கழித்தும் தலைகாட்டலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி, புகையால் உண்டான பாதிப்பு ஆற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை கடும் உழைப்பு கூடாது என்றும் கூறுகிறது. ஓய்வில் நிற்கும் குதிரை நிமிடத்துக்கு எட்டு முதல் பதினாறு முறை மூச்சு விடும். பாய்ச்சலில் ஓடும்போதோ உள்ளே இழுக்கும் காற்று பல மடங்காகப் பெருகும். ஆறாத மூச்சுக்குழாயின் வழியே அவ்வளவு காற்றையும், அதோடு எஞ்சிய சாம்பல் தூசியையும் இழுக்கவைப்பது பெருந்தீங்கு.

தினமும் இருமுறை விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். ஓய்விலும் நிமிடத்துக்கு முப்பதுக்குமேல் தொடர்ந்து போனால், மூக்குத்துளைகள் விரிந்து அடங்கினால், ஆழமாகத் தொடர்ந்து இருமினால், மூக்கில் சளி வடிந்தால், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். வைக்கோலைத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள், தூசி பறக்காது. கண் சிவந்தோ, மூடியோ இருந்தால் வெறும் எரிச்சல் என்று விட்டுவிடாதீர்கள். கங்கும் சாம்பலும் கருவிழியில் புண் உண்டாக்கும்.

தீப்புண் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குளம்பும் தோலும் சேரும் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தீர்களா? எரிந்த தரையைக் கடந்த குதிரைக்கு அந்த விளிம்பில்தான் சூடு பட்டிருக்கும், மயிர் மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அங்கே வீக்கமோ, ஈரக்கசிவோ, தொட்டால் காலை இழுத்துக்கொள்வதோ இருந்தால் குளம்புக்குள் அழற்சி தொடங்கியிருக்கலாம். அது நாள்கள் கழித்து, சில வேளை வாரங்கள் கழித்தும், நொண்டலாக வெளிப்படும். தீயைக் கடந்த குதிரையின் நான்கு குளம்புகளையும் குறைந்தது மூன்று வாரங்களுக்கு நாள்தோறும் தொட்டுச் சூட்டைப் பாருங்கள்.